தாங்குவது எதுவரை அறம்?

அழுத்த முறிவு ஒரே அடியில் நேர்வதில்லை. கீழே விழுந்தோ வண்டி மோதியோ எலும்பு உடைந்தால் உடைந்த நொடி தெரியும், சத்தம்கூடக் கேட்கும். மருத்துவர்கள் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ என்று சொல்லும் இந்த முறிவுக்கு அப்படி ஒரு நொடியே கிடையாது. எலும்பு எளிதாகத் தாங்கக்கூடிய சுமைதான் அதன்மேல் விழுகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான முறை, போதிய ஓய்வு இல்லாமல் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகின்றன. உடல் அவற்றை அடைப்பதற்குள் புதியவை சேர்ந்துகொண்டே போனால், ஒரு நாள் அந்த இடம் மயிரிழை அளவுக்குப் பிளக்கிறது. ஓட்டக்காரர்களுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பிலும் பாதத்தின் நீள எலும்புகளிலும் இது அதிகம் வரும். வளரும் வயது வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர்களுக்கும் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் பின்புற வளைவில் வரும்.

இது சோம்பேறிகளுக்கு வரும் நோயல்ல. பயிற்சிக்கு முதலில் வந்து கடைசியில் போகும் பிள்ளைக்கு, வலித்தாலும் சொல்லாத பிள்ளைக்கு, அதிகமாக வருகிறது. விளையாட்டு எந்தக் குணத்தை முதற்பெரும் குணமாகக் கற்றுக்கொடுக்கிறதோ, அந்தக் குணமே காயத்துக்கு வழி திறந்துவிடுகிறது. ஆகவே இங்கே மருத்துவக் கேள்வியோடு ஓர் அறக் கேள்வியும் சேர்ந்தே வருகிறது. தாங்கிக்கொள்வது எதுவரை நற்குணம்? எங்கே அது தவறாகிறது? தாங்குபவருக்குப் பதினைந்து வயதுதான் என்றால், அந்த எல்லையை வகுக்க வேண்டியவர் யார்?

இந்த முறிவு முதலில் கண்டறியப்பட்டது மைதானத்தில் அல்ல, படைமுகாமில். 1855-ல் பிரெய்ட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு இளம் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். தசைநாண்களைச் சுற்றியுள்ள உறையில் ஏற்படும் அழற்சி என்று அவர் கருதினார். 1895-ல் ரான்ட்கன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1897-ல், ஸ்டெகோவ் என்ற மற்றொரு ராணுவ மருத்துவர் அந்தப் பாதங்களைப் படமெடுத்து, உள்ளே எலும்பு முறிந்திருப்பதைக் காட்டினார். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் உடைந்த எலும்போடு நடந்த சிப்பாய்கள் எத்தனையோ பேர். அவர்கள் சொன்ன வலி உண்மை. அதைக் காட்டும் படம்தான் இல்லை. இன்றைய எக்ஸ்-ரேயிலும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு இந்த முறிவு பெரும்பாலும் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது வெகு முன்னதாகவே தெரிந்துவிடும். முதல் எக்ஸ்-ரேயைப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் நிலை, அந்தச் சிப்பாயின் நிலையிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

எலும்பு உயிருள்ள பொருள். பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-ல் வெளியிட்ட நூலில், தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று நிறுவினார். ஓடும் காலின் எலும்பு ஓட்டத்துக்காகத் தடிக்கிறது. படுக்கையில் கிடப்பவரின் எலும்பு மெலிகிறது. இந்த மாற்றத்தை இரண்டு வகைச் செல்கள் செய்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பவை பழுதான எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்பவை அந்த இடத்தில் புது எலும்பைக் கட்டுகின்றன. ஒரு சிறு பகுதியைக் கரைத்தெடுக்க ஏறத்தாழ மூன்று வாரம் போதும்; அதே இடத்தைக் கட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், வலுவாகிக்கொண்டிருக்கும் எலும்பு உண்மையில் முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. விடுமுறை முடிந்து வந்து திடீரென்று தூரத்தைக் கூட்டிய பிள்ளைக்கும், புதிதாகப் படையில் சேர்ந்தவருக்கும், தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே முறிவு வருவது இதனால்தான். மூச்சும் தசையும் அதற்குள் பழகியிருக்கும், ஓட்டம் இலகுவாகியிருக்கும். எலும்பு மட்டும் பின்தங்கியிருக்கும். வளரும் வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் வேகமாகக் கூடும் காலத்தில் எலும்பு நீண்டுவிடுகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து நிரம்புவது சில மாதங்கள் தள்ளியே நடக்கிறது. ஒரே ஆண்டில் சட்டென்று வளர்ந்த பையனின் எலும்பு அவன் தோற்றம் காட்டும் அளவுக்கு முற்றியிருக்காது.

ஆக, பயிற்சி எலும்பைக் கட்டுவதில்லை. பயிற்சி கட்டச் சொல்லி ஆணையிடுகிறது. கட்டுமானம் ஓய்வில் நடக்கிறது. இதைத் தெளிவாகக் காட்டியது இஸ்ரேலிய ராணுவத்தின் அனுபவம். 1985-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கண்காணிக்கப்பட்ட 295 புதிய காலாட்படை வீரர்களில் 31 சதவீதம் பேருக்கு அழுத்த முறிவு கண்டறியப்பட்டது. காலணி மாற்றம் உட்படப் பல வழிகளை முயன்ற பிறகு, நிலையான பலன் தந்தவை இரண்டு: இரவில் குறைந்தது ஆறு மணி நேரத் தூக்கத்தைக் கட்டாயமாக்கியது, மொத்த அணிவகுப்பு தூரத்தைக் குறைத்தது. முறிவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. இவர்கள் மன உறுதிக்குப் பேர்போன சிறப்புப் படையினர். அந்த உறுதியை இன்னும் கூட்டியதால் எலும்பு பிழைக்கவில்லை. தூங்க விட்டதால் பிழைத்தது.

எந்த அடியில் எலும்பு முறிந்தது என்ற கேள்விக்கு விடையில்லை என்பதுதான் அற நோக்கில் இந்நோயின் தனித்தன்மை. பழைய கிரேக்கத்தில் யூபுலிடீஸ் என்பவர் பெயரால் ஒரு புதிர் வழங்கியது: தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்தால், எந்த மணியை எடுக்கும்போது அது குவியல் என்ற நிலையை இழக்கிறது? அத்தகைய மணி ஒன்றைச் சுட்ட முடியாது. வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எதிர்த்திசையிலிருந்து இதையே தொடுகிறார்: மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும். எந்த இறகையும் குற்றம் சொல்ல முடியாது. அச்சு முறிந்தது மட்டும் உண்மை. நாம் பழகிய நீதி உணர்வு ஒரு செயலையும் செய்தவரையும் தேடுகிறது. இங்கே செயல் ஒன்றாக இல்லை. “இன்று ஒரு நாள் மட்டும் ஓடு” என்று சொன்ன பயிற்சியாளர் அந்த ஒரு நாளில் தவறு செய்யவில்லை. “நாளைக்கு ஓய்வெடுக்கிறேன்” என்று நினைத்த பிள்ளையும் அந்த ஒரு நாளில் தவறு செய்யவில்லை. தவறு நாட்களின் வரிசையில் இருக்கிறது. அப்படியானால் பொறுப்பு, அந்த வரிசை முழுவதையும் பார்க்கும் இடத்தில் இருப்பவருக்கே அதிகம். பள்ளி அணி, மாவட்ட அணி, கிளப், வார இறுதி டோர்னமென்ட் என்று நான்கு பயிற்சியாளர்களிடம் போகும் மாணவனின் மொத்தச் சுமை அந்த நால்வரில் ஒருவருக்கும் தெரிவதில்லை. ஒவ்வொருவரும் கேட்பது நியாயமான அளவுதான். கூட்டிப் பார்க்க ஆளில்லை.

இதன் வலிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் மட்டும் கீழ்க்காலின் உட்புறம் வலிக்கும், நின்றால் போய்விடும். சில நாளில் மூன்றாவது சுற்றிலேயே வரும். பிறகு முதல் அடியிலேயே வரும். வீட்டுக்கு நடக்கும்போதும் இருக்கும். இறுதியில் படுத்திருக்கும்போதும் விண்ணென்று தெறிக்கும். தசை வலி கால் முழுக்கப் பரவி இருக்கும், உடல் சூடேறினால் தணியும். எலும்பின் வலிக்கு இடம் உண்டு. எலும்பின் விளிம்பில் விரலை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தால், ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஓரிடத்தில் பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் அந்தக் காலில் குதிக்கத் தயங்கும். இந்த இரண்டும் முறிவை உறுதி செய்துவிடா. ஆனால் அன்றைய ஓட்டத்தை நிறுத்தவும் மருத்துவரைப் பார்க்கவும் போதுமானவை.

“சார், கால் வலிக்குது.” “ஓடு, ஓடினா சரியாப் போயிடும்.” மைதானத்தில் அன்றாடம் நடக்கும் இந்தப் பேச்சில் இரண்டு வகை அறிவுகள் மோதுகின்றன. பயிற்சியாளரிடம் அனுபவம் இருக்கிறது. பெரும்பாலான வலிகள் ஓடினால் சரியாகத்தான் போகும். பிள்ளையிடம் இருப்பது அந்த வலி. அது வேறு யாருக்கும் கிடைக்காத அறிவு; ஆனால் அதை வகைப்படுத்தும் அனுபவம் பிள்ளையிடம் இல்லை. ஒருவரின் அறிவு மற்றவரைச் சேராவிட்டால் இருவருமே குருடர்கள். “வலியைப் பொறு” என்ற கட்டளை அந்த வழியைத்தான் அடைக்கிறது. இரண்டு முறை அப்படிக் கேட்ட பிள்ளை மூன்றாம் முறை சொல்வதை விட்டுவிடும். வலி மட்டும் தொடரும். பொறுமை என்று பாராட்டப்படுவது பல நேரங்களில் இந்த மௌனம்தான்.

உடலை வருத்துவதைச் சமயங்கள் போற்றியே வந்திருக்கின்றன என்றும், விளையாட்டு அந்தத் தவத்தின் வாரிசு என்றும் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. இஸ்த்மிய விளையாட்டுப் போட்டிகள் நடந்துவந்த கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில், புனித பவுல் தன்னை ஓட்டக்காரனாகவும் குத்துச்சண்டை வீரனாகவும் வைத்துப் பேசி, உடலை அடக்கி ஆள்வதாகச் சொல்கிறார். அதே கடிதத்தில் சில அதிகாரங்களுக்கு முன்பு, உடல் ஆவியின் ஆலயம் என்கிறார். கீதையின் பதினேழாம் அத்தியாயம், சாத்திரம் விதிக்காத கொடிய தவத்தால் உடலிலுள்ள பூதங்களை வதைப்பவர்களைக் கண்டிக்கிறது. அவர்கள் உள்ளே உறையும் இறைவனையும் சேர்த்தே வதைக்கிறார்கள் என்பது அதன் கருத்து. ஆறாம் அத்தியாயம் உணவு, உறக்கம், செயல் மூன்றிலும் அளவைக் கேட்கிறது. தவத்தை வலியால் அளப்பதைக் கீதை ஏற்கவில்லை.

இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமான கதை பௌத்த விநய நூலில் இருக்கிறது. சம்பா நகரத்துப் பெருஞ்செல்வர் மகன் சோணன். உள்ளங்காலில் மயிர் முளைத்திருக்கும் அளவுக்கு மென்மையாக வளர்க்கப்பட்டவன். அவன் துறவு பூண்டு, ராஜகிருகத்துக்கு அருகே சீதவனத்தில் நடைதியானம் செய்தான். வெறுங்காலோடு மேலும் கீழும் நடந்து நடந்து பாதங்கள் கிழிந்து, நடைபாதை ரத்தமானது. இருந்தும் விடுதலை கிட்டவில்லை. முயற்சியில் எனக்கு மேல் யாருமில்லை, ஆனாலும் பலனில்லை, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அவன் மனம் உடைந்தது. புத்தர் வந்து பாதையின் ரத்தத்தைப் பார்த்தார். வீட்டில் இருந்தபோது நீ வீணை வாசிப்பவன் அல்லவா என்று கேட்டார். நரம்பை அளவுக்கு மேல் முறுக்கினால் இசை வருமா? தளர விட்டால் வருமா? இரண்டுக்கும் சோணன் இல்லை என்றான். மிகை முயற்சி மனத்தைக் கலைக்கும், குறை முயற்சி சோம்பலாகும், முயற்சியைச் சமமாக வை என்றார் புத்தர். சோணன் அவ்வாறே செய்து கடைத்தேறினான்.

வீணை உவமை எங்கும் சொல்லப்படுவது. அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை; விளையாட்டு உலகம் கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நீ மென்மையாக வளர்ந்தவன், ஒற்றைத் தோல் செருப்பு அணிந்துகொள் என்று புத்தர் சோணனுக்கு அனுமதி தந்தார். சோணன் மறுத்துவிட்டான். அவ்வளவு செல்வத்தைத் துறந்தவன் ஒரு செருப்பை விட முடியாமல் இருக்கிறானே என்று ஊர் பேசும். சங்கம் முழுவதற்கும் அனுமதித்தால் நானும் அணிகிறேன் என்றான். புத்தர் அதை ஏற்று எல்லாத் துறவிகளுக்கும் செருப்பை அனுமதித்தார். இளம் வீரரின் சங்கடமும் இதுவே. அணியில் எல்லோரும் ஓடும்போது தான் மட்டும் ஓரமாக உட்கார்வது சலுகை போலத் தெரியும்; சலுகை வாங்குவது அவமானம் போலத் தெரியும். தனிப்பட்ட தயவாகக் கொடுக்கப்படும் ஓய்வை மானமுள்ள பிள்ளை மறுக்கும். அதையே எல்லோருக்குமான விதியாக்கினால் மறுக்க வேண்டிய தேவை எழாது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பத்தொன்பது வயது வரையிலான வேகப்பந்து வீச்சாளர்களுக்கு, தொடர்ந்து எத்தனை ஓவர், நாள் ஒன்றுக்கு எத்தனை ஓவர் என்று வயதுவாரியாக வரம்பு வைத்ததன் பலமும் இதில்தான். பந்தைக் கையிலிருந்து வாங்கும்போது கேப்டன் அந்தப் பையனின் வீரத்தைச் சந்தேகிக்கவில்லை. ஓவர் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அரிஸ்டாட்டில் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறார். உடற்பயிற்சி மிகுந்தாலும் வலிமை கெடும், குறைந்தாலும் கெடும் என்பதை நிகோமாகிய அறநூலின் இரண்டாம் பகுதியில் எடுத்துக்காட்டாக வைத்து, வீரம் உள்ளிட்ட குணங்களும் அப்படியே என்கிறார். எல்லாவற்றுக்கும் அஞ்சுபவன் கோழை. எதற்கும் அஞ்சாதவன் வீரன் அல்ல, முரடன். நடுவளவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்றும் சொல்கிறார்: மல்லன் மிலோவுக்கு ஏற்ற உணவு, அன்றுதான் பயிற்சி தொடங்கியவனுக்கு மிகை. ‘அரசியல்’ என்ற நூலின் எட்டாம் பகுதியில் இன்னும் நேரடியாகவே பேசுகிறார். பருவம் வரும்வரை சிறுவர்களுக்கு இலேசான பயிற்சிதான் தர வேண்டும். கட்டாய உணவும் கடும் உழைப்பும் வளர்ச்சியைக் கெடுக்கும். இதற்கு அவர் காட்டும் சான்று ஒலிம்பிக் வெற்றியாளர் பட்டியல். சிறுவர் பிரிவிலும் வென்று, வளர்ந்த பிறகும் வென்றவர்கள் இரண்டு மூன்று பேர்தான், இளமைப் பயிற்சி மற்றவர்களின் வலிமையைப் பறித்துவிட்டது என்கிறார். டெல்ஃபியில் நடந்த பிதியப் போட்டிகளின் வெற்றியாளர் பட்டியலை உறவினர் கலிஸ்தனீசோடு சேர்ந்து தொகுத்தவர் அவர். இந்தப் பேச்சில் கணக்குப் பார்த்தவரின் குரல் இருக்கிறது. குழந்தைகளைக் கடும் உழைப்பில் தள்ளி விலங்காக்குகிறார்கள் என்று ஸ்பார்ட்டா நகரத்தாரைக் கண்டித்ததும் இதே இடத்தில்தான்.

இதற்கு அண்மைக் காலச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-ல், பதினேழு வயதில், மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடினார். பிறகு புகழ்பெற்ற பயிற்சிக் குழு ஒன்றில் சேர்ந்தார். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கினார்கள், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோனது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், பதினெட்டு வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் தன் முதல் டெஸ்டை ஆடி, இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். அடுத்த டெஸ்டை அவர் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையிலான ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதியை முதுகெலும்பின் அழுத்த முறிவு எடுத்துக்கொண்டது. கம்மின்ஸ் காத்திருந்து மீண்டார். அணித் தலைவரும் ஆனார். கெய்னால் அந்தப் பழைய வேகத்துக்குத் திரும்ப முடியவில்லை. காத்திருக்க விட்டவர்கள் யார், விடாதவர்கள் யார் என்ற கேள்வி, இருவரின் மன உறுதியை ஒப்பிடுவதைவிட அதிகம் சொல்லும்.

கெய்னின் கதையில் வரும் எடையும் மாதவிடாயும் தற்செயலானவை அல்ல. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத உடல் சில வேலைகளை நிறுத்திக்கொள்கிறது. இனப்பெருக்க ஹார்மோன்கள் முதலில் குறைகின்றன. அவற்றோடு எலும்பு கட்டும் வேலையும் குறைகிறது. விளையாட்டு வீராங்கனைகளிடம் தொண்ணூறுகளில் இது முதலில் வகைப்படுத்தப்பட்டது. 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இது ஆண்களுக்கும் வருவது என்று விரிவுபடுத்தி, விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை என்ற பொருளில் புதுப் பெயர் கொடுத்தது. கடும் பயிற்சியில் மாதவிடாய் நிற்பது இயல்பு என்று பெண்களிடம் சொல்லப்படுவது முழுத் தவறு; அது எலும்பு விடுக்கும் முதல் எச்சரிக்கை. உபவாசத்துக்குத் தமிழ் வீடுகளில் இருக்கும் மரியாதையும், ஒல்லியாக இருந்தால் வேகமாக ஓடலாம் என்ற மைதான நம்பிக்கையும் ஒரே பெண்ணின் தட்டில் சேரும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது. விரதம் இருக்க விரும்பும் மாணவி பயிற்சி இல்லாத நாளில் இருக்கலாம். அதைச் சொல்லித்தரும் கடமை வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு.

தாங்குவதைப் பற்றிப் பேசும்போது ஸ்டோயிக் ஞானி எபிக்டீட்டஸை விட்டுவிட முடியாது. அவர் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமுற்றவர். அடிமையாக இருந்தபோது உரிமையாளர் காலைத் திருக, “உடைந்துவிடும்” என்று அமைதியாகச் சொன்னார், உடைந்ததும் “சொன்னேன் அல்லவா” என்றார் என்று ஒரு கதை உண்டு. கெல்சஸ் என்ற தத்துவவாதி சொன்னதாக ஓரிகன் என்ற பழங்காலக் கிறித்தவ அறிஞர் எழுதி வைத்தது. இதைத் தாங்குவதன் உச்சம் என்று மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. எபிக்டீட்டஸ் முதலில் எச்சரித்தார். தன் கையில் இருந்ததைச் செய்தார். தடுக்க முடியாததைத்தான் தாங்கினார். வலியைச் சொல்லாமல் ஓடும் பிள்ளை அந்த எச்சரிக்கையை விழுங்கிவிடுகிறது. ஒலிம்பிக்கில் வெல்ல ஆசைப்படுபவனுக்கும் எபிக்டீட்டஸ் அறிவுரை சொல்லியிருக்கிறார்: முன்னால் என்ன, பின்னால் என்ன என்று எண்ணிப் பார், கை பிசகும், கணுக்கால் சுளுக்கும், புழுதி தின்ன வேண்டும், இத்தனைக்குப் பிறகு தோற்கவும் நேரலாம்; எண்ணிய பிறகும் விருப்பம் இருந்தால் இறங்கு. இது வயது வந்தவருக்குச் சொன்னது. அப்படி முடிவெடுத்த ஒருவரைப் பார்க்கலாம்: 2008 மே மாதம் பிரிட்டனின் மாரத்தான் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃபின் தொடை எலும்பில் அழுத்த முறிவு கண்டறியப்பட்டது; ஆகஸ்டில் அவர் பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில் இறங்கி 23-வதாக முடித்தார். அந்த முடிவு சரியா என்று வாதாடலாம்; எடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதில் வாதம் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முன்னும் பின்னும் தெரியாது. அதன் சம்மதத்தைக் காட்டிப் பெரியவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

இனி மீட்சி. முறிவு எங்கே என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கீழ்க்கால் எலும்பின் உட்புறப் பின்விளிம்பிலும், பாதத்தின் இரண்டாம், மூன்றாம் நீள எலும்புகளிலும் வருபவை பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறத் தொடங்கி, மூன்று மாதத்துக்குள் ஓட்டத்துக்கு வழிவிடும். தொடை எலும்புக் கழுத்தின் மேற்புறம், கீழ்க்கால் எலும்பின் முன்புறம், பாதத்தின் நடுவிலுள்ள படகெலும்பு, ஐந்தாம் நீள எலும்பின் அடிப்பகுதி ஆகியவற்றில் வருபவை அபாயமானவை. அங்கே ரத்த ஓட்டம் குறைவாகவோ, எலும்பை இழுத்துப் பிரிக்கும் விசை அதிகமாகவோ இருக்கும். முழு முறிவாக மாறாமல் இருக்கச் சில வேளை அறுவை சிகிச்சை தேவைப்படும். படகெலும்பு என்றால் ஆறு முதல் எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. கூடைப்பந்து வீரர் யாவோ மிங் பாத முறிவுகளால் 2011-ல் முப்பது வயதில் ஓய்வுபெற நேர்ந்ததை நினைத்தால், இந்தக் கட்டுப்பாடு கடுமையாகத் தோன்றாது. இடுப்பு முதுகெலும்பு ஆற மாதக்கணக்கில் ஆகும்.

முதல் கட்டத்தில் நோக்கம் ஒன்றே: அன்றாட நடையில் வலி இருக்கக் கூடாது. நடந்தாலே வலித்தால் ஊன்றுகோல் அல்லது நடைபூட்ஸ் வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எலும்பின் பேச்சை அடக்கிவிட்டு அதன் மேலேயே நடப்பதாகும். பிறகு, அடி விழாத பயிற்சிகளைச் செய்யலாம்: சைக்கிள், நீச்சல், ஆழமான நீரில் இடுப்பு மிதவை கட்டிக்கொண்டு ஓடுவது. இவற்றால் மூச்சுத் திறன் குறையாது. சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. ஓடாத நாளிலும் எலும்பு கட்டுமானத்துக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு தின்னும் சிறுமீன் எல்லாம் உதவும். வைட்டமின் டி குறைவா என்று ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பதின்வயதில் இரவுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. டியூஷனுக்கும் விடியற்காலைப் பயிற்சிக்கும் நடுவே அது எங்கே கிடைக்கிறது என்று பெற்றோர் ஒரு முறை கணக்குப் போட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் உடலைவிட மனம்தான் அதிகம் தவிக்கும். காலை ஐந்து மணிக்கு விழிப்பு தானாக வரும், போக இடமிருக்காது. நண்பர்களின் பேச்சு ஸ்பைக்ஸையும் நேரத்தையும் சுற்றும். அதில் சேர முடியாது. “நான் ஓட்டக்காரி” என்பதைத் தவிர வேறு எதையும் தன்னைப் பற்றிச் சொல்லிப் பழகாத பெண்ணுக்கு, ஓட்டம் நின்றதும் தான் யார் என்பதே கேள்வியாகிவிடும். எபிக்டீட்டஸ் இதற்கு விடை தந்திருக்கிறார்: ஊனம் காலுக்குத் தடை, தீர்மானத்துக்குத் தடை அல்ல. ஆனால் பதினாறு வயதில் அது வெறும் வாசகமாக நின்றுவிடக்கூடும். செய்ய ஒரு வேலை இருந்தால்தான் அது பிடிபடும். பலனில் உரிமை கொண்டாடாமல் செயலில் நில் என்ற கீதையின் போதனை இங்கே மிக நடைமுறையான ஒன்றாகிறது. மீட்சியில் பலன் கண்ணில் படாது. எட்டு வாரமும் எலும்பு உள்ளே கட்டிக்கொண்டிருக்கும். நேரம் குறைந்ததாகவோ தூரம் கூடியதாகவோ எந்தக் கணக்கும் கைக்கு வராது. இன்றைய உணவு, இன்றைய தூக்கம், இடுப்புத் தசைக்கான இன்றைய பயிற்சி என்று அன்றன்றைய வேலை மட்டும் இருக்கும். அதைச் செய்வதும் ஒரு வகைத் தாங்குதலே. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதைவிடக் கடினமானது.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி இதைச் செய்து காட்டினார். 1973 மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் அவருடைய முதுகெலும்பில் அழுத்த முறிவுகள் கண்டறியப்பட்டன. அன்று ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு அது முடிவுரை போலத்தான் இருந்தது. உடலைப் பிளாஸ்டர் கட்டுக்குள் வைத்து வாரங்களைக் கழித்தார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியா பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பைக்கிடம் முறையான உடற்பயிற்சித் திட்டம் பெற்று, உடலையும் பந்துவீச்சு முறையையும் படிப்படியாகச் சீரமைத்தார். 1974–75 ஆஷஸ் தொடரில் திரும்பி வந்து 25 விக்கெட்டுகள் எடுத்தார். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது, இந்திய இளைஞர்களுக்கு வேகப்பந்து கற்றுக்கொடுக்க வந்தவரும் அவரே. தோளும் இடுப்பும் வெவ்வேறு திசையில் திரும்பும் கலப்பு முறைப் பந்துவீச்சு இளம் முதுகெலும்புக்குக் கேடு என்று எண்பதுகளின் இறுதியில் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் பிறகு பயிற்சியாளர்கள் வேகத்தைப் பார்ப்பதற்கு முன் முறையைப் பார்க்கத் தொடங்கினர்.

ஓட்டத்துக்குத் திரும்புவதற்கு நாள்காட்டி மட்டும் போதாது. வலியில்லாமல் அரைமணி நேரம் வேகமாக நடக்க முடிய வேண்டும். எலும்பின் அந்தப் புள்ளியை அழுத்தினால் வலிக்கக் கூடாது. ஒற்றைக் காலில் திரும்பத் திரும்பக் குதித்தாலும் வலிக்கக் கூடாது. அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம், சில நிமிடம் நடை என்று தொடங்கலாம். முதலில் தூரத்தைக் கூட்ட வேண்டும், பிறகுதான் வேகத்தை; இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. பழைய இடத்தில் வலி தலைகாட்டினால் நிறுத்தி, வலியின்றி ஓடிய முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் நாளை முடிவு செய்வதில் பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் குரல் உண்டு. தடுக்கும் அதிகாரம் மருத்துவரிடம் இருக்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லி அன்றைய ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம், காரணம் கேட்கப்படாமல், பிள்ளையிடம் இருக்க வேண்டும். ஒரு முறை அழுத்த முறிவு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஓடிய தூரம், தூங்கிய நேரம், வலித்த இடம் ஆகியவற்றை எழுதிவைக்கும் குறிப்பேடு எலும்பு ஆறிய பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். அந்தப் பிள்ளை எத்தனை அணிகளுக்கு ஆடுகிறதோ அத்தனை பயிற்சியாளர்களும் அதைப் பார்க்க வேண்டும்.